முழுப்பேர்

நோர்வூட் கடைத்தெருவில் இருக்கும் என் தையல் கடைக்கு வருகிற பெண்கள், அளவு கொடுக்கிற நேரத்தைவிட நிலக்ஷியைப் பற்றிப் பேசுகிற நேரம்தான் அதிகம். கொழும்பிலிருந்து வரும் வாரப் பத்திரிகை ஒன்றில் 'சீலையும் சேதியும்' என்ற பத்தியை எழுதுகிறவள் அந்த நிலக்ஷி. எந்தக் கல்யாணத்தில் யார் என்ன உடுத்தினார்கள், எந்தத் திருவிழாவுக்குப் போனால் எதைப் பார்க்கலாம், எந்த ஊர்க் கடையில் ரொட்டி நன்றாக இருக்கும் என்று மலையகம் முழுக்கச் சுற்றி எழுதுவாள்.

"அந்தப் புள்ள கொழும்புல பெரிய வீட்டுல இருக்காம்ல?"

"சேச்சே, கண்டியில. வீட்டுக்காரரு டாக்டராம். கார்லதான் எல்லா ஊருக்கும் வருவாங்களாம்."

நான் குண்டூசியைப் பல்லில் கடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன். கடை மூலையில் சாம்பல் நிற சுவெட்டரும் ரப்பர் செருப்புமாக ஒருத்தி உட்கார்ந்து, எனக்கு உதவியாக ஹூக் தைத்துக்கொண்டிருப்பாள். அவளை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. பெண்கள் போனதும் அவள் நிமிர்ந்து, "ஜெயந்தி, என் வீட்டுக்காரரு டாக்டராம்டி. எங்க இருக்காருன்னு கேட்டு வச்சியா?" என்பாள். அவள்தான் நிலக்ஷி. சொந்தப் பேர் பேச்சியம்மா.

நானும் பேச்சியும் ஒரே தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் உட்கார்ந்து படித்தவர்கள். அவளுடைய அப்பா மூக்கன், தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்துக் கத்தி பிடித்தவர். அம்மா மீனம்மா இன்றைக்கும் கொழுந்து பறிக்க மலைக்குப் போகிறார். குலதெய்வத்தின் பேரை மூத்த பிள்ளைக்கு வைத்தால் தங்கும் என்று வைத்தார்கள். பிள்ளை தங்கியது. பேர்தான் அவளைப் பாடாய்ப் படுத்தியது. வகுப்பில் டீச்சர் வரவு இடாப்பை விரித்து "மூக்கன் பேச்சியம்மா" என்று கூப்பிடும்போதெல்லாம் பையன்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். ஒரு தடவை அதில் ஒருத்தனை நான் பென்சிலால் குத்திவிட்டேன். இன்றைக்கும் அவன் என் கடை வழியாகப் போகும்போது கொஞ்சம் தள்ளித்தான் போகிறான்.

படிப்பு முடிந்ததும் பேச்சி ஹட்டனில் ஒரு புடவைக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். முதலாளி அவளை 'பேபி' என்று கூப்பிட்டார். அவளும் விட்டுவிட்டாள். ஆனால் அந்தக் கடை அவளுக்கு ஒரு கண்ணைக் கொடுத்தது. சீலையைத் தொடாமலே அதன் தரத்தைச் சொல்லுவாள். வாங்க வருகிறவள் ஆசைப்பட்டதை எடுக்கிறாளா, மாமியாருக்குப் பயந்து எடுக்கிறாளா என்பதையும் சொல்லுவாள்.

பத்திரிகைக்குள் அவள் நுழைந்ததே ஒரு சண்டையால்தான். பூண்டுலோயாவில் நடந்த ஒரு கல்யாணத்தைப் பற்றிப் பெண்கள் பக்கத்தில் எழுதியவர்கள், மணமகள் காஞ்சிபுரம் பட்டில் ஜொலித்தாள் என்று எழுதிவிட்டார்கள். பேச்சிக்கு வந்ததே கோபம். "அது காஞ்சிபுரமே இல்ல. நாந்தான் வித்தேன். ஆனா அந்தப் புள்ள அதக் கட்டி நின்ன அழகுக்கு எந்தக் காஞ்சிபுரமும் கிட்ட வராது. அத எழுதாம விட்டுட்டாங்களே!" என்று என் கடையிலிருந்தே பத்திரிகைக்கு எழுதி அனுப்பினாள். ஆசிரியர் அவளைத் தொலைபேசியில் கூப்பிட்டார். நாங்கள் இருவரும் வழக்குப் போடப் போகிறார்கள் என்று பயந்தோம். அவர் பத்தி எழுதச் சொன்னார்.

ஆசிரியர் சூசைரட்ணம் நல்ல மனிதர்தான். பொகவந்தலாவைப் பக்கம் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் ஒரு லயத்தில் பிறந்து, படித்து, கொழும்புக்குப் போய் மேலே வந்தவர். பத்திரிகையில் தன் பேரை 'எஸ். ரட்ணா' என்று போட்டுக்கொள்வார். முதல் பத்தி அச்சுக்குப் போகும்போதே பேச்சியிடம் சொல்லிவிட்டார்.

"தங்கச்சி, தப்பா நெனைக்காதீங்க. ஃபேஷன் பக்கத்துல பேச்சியம்மான்னு போட்டா நம்ம ஆளுங்களே சிரிப்பாங்க. நிலக்ஷின்னு போடுவோமா?"

பேச்சி உடனே சரியென்று சொல்லிவிட்டாள். எனக்குத்தான் கோபம் வந்தது. அவளுக்கு அது பெரிய விடுதலையாக இருந்தது. இடாப்புச் சிரிப்பிலிருந்து ஒருவழியாகத் தப்பித்துவிட்டாள் அல்லவா?

அதன் பிறகு புடவைக்கடை வேலையை விட்டு எனக்கு உதவியாக வந்துவிட்டாள். பௌர்ணமி விடுமுறையான போயா நாளும் ஞாயிற்றுக்கிழமையும் அவள் வீட்டில் இருந்ததில்லை. ஒரு குடை, ஒரு துணிப்பை, பஸ் காசு. அவ்வளவுதான் அவளுடைய பரிவாரம். கல்யாண வீடுகளில் அவளைக் கடைசி வரிசையில் உட்கார வைப்பார்கள், கடைசிப் பந்தியில் சோறு போடுவார்கள். அதுதான் தனக்கு வசதி என்பாள். முன்வரிசையில் இருப்பவர்கள் சிரித்துக்கொண்டே இருப்பார்களாம். கடைசி வரிசையில்தான் உண்மை பேசுவார்களாம்.

அவள் எழுதியதில் ஊரையே இரண்டாக்கியது சுவெட்டர் பத்திதான். நுவரெலியாப் பக்கத்துக் கல்யாணங்களில் பட்டுச் சீலைக்கு மேலே சுவெட்டர் போடுவதா, உள்ளே போடுவதா என்று கேட்டிருந்தாள். 'முந்தானையைக் காட்டவேண்டும் என்றால் குளிரைத் தாங்கவேண்டும். குளிரைத் தாங்க முடியாது என்றால் முந்தானையை மறைக்கவேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நம் கல்யாணங்கள் நடக்கின்றன' என்று எழுதினாள். அந்த வாரம் என் கடையில் இதற்காக அக்காளும் தங்கையும் அடித்துக்கொள்ளப் போனார்கள். உள்கட்சிக்காரர்களுக்காக நான் சட்டையைக் கொஞ்சம் தளர்த்தித் தைக்க ஆரம்பித்தேன். வியாபாரம் நன்றாக நடந்தது, பொய் சொல்வானேன்.

யாத்திரை மலையின் அடிவாரமான நல்லதண்ணிக்கு சீசன் காலத்தில் போய்வந்து, மலையேறுகிறவர்கள் வாங்குகிற கம்பளித் தொப்பிகளைப் பற்றி எழுதினாள். 'ஏறும்போது எல்லோரும் பக்தர்கள். இறங்கும்போது எல்லோரும் முழங்கால்காரர்கள். எந்த மதமோ, எந்த மொழியோ, தொப்பி ஒரே கடையில் வாங்கியது.' அதை வாசித்துவிட்டு அந்தத் தொப்பிக்கடைக்காரர் பத்திரிகையைக் கிழித்துக் கடை வாசலில் ஒட்டிவைத்திருந்தார். அடுத்த முறை போன பேச்சி, அதற்குக் கீழேயே நின்று பேரம் பேசித் தொப்பி வாங்கிக்கொண்டு வந்தாள். அவருக்குத் தெரியவே தெரியாது.

காமன் கூத்துச் சமாசாரமும் அப்படித்தான். எங்கள் பக்கம் மாசி மாதத்தில் காமன் கூத்து ஆடுவார்கள். மன்மதன் எரிந்து போவான், ரதி அழுவாள், பிறகு அவன் எழுந்து வருவான். ரதியாக ஆடுகிறவன் ஆட்டோ ஓட்டும் கஜேந்திரன். ரதிக்குச் சட்டை தைக்க என்னிடம் வந்தான்.

"அக்கா, கையத் தூக்கி மாரடிச்சு அழுவணும். அக்குளுக்கிட்ட பிச்சுக்காம தைங்க. போன வருசம் மன்மதன் எரியுறப்ப என் சட்டையும் போயிருச்சு."

மூலையில் ஹூக் தைத்துக்கொண்டிருந்த பேச்சி சிரித்துச் சிரித்துப் புரையேறினாள். பிறகு அவனோடு உட்கார்ந்து, ஒரு ஆண் பிள்ளை சீலை கட்டி அழுதால் ஊர்ப் பெண்கள் ஏன் கூடவே அழுகிறார்கள் என்று பேசிப் பேசி, 'ரதியின் சட்டை' என்று ஒரு பத்தி எழுதினாள். அந்த வருடம் கூத்துப் பார்க்க வெளித் தோட்டங்களிலிருந்தெல்லாம் பெண்கள் வந்தார்கள். கஜேந்திரன் ஆட்டோவின் பின்பக்கம் 'ரதி' என்று எழுதிக்கொண்டான். தன்னைப் பற்றி எழுதியது யார் என்று தெரிந்த மிகச் சில பேரில் அவனும் ஒருவன்.

மீனம்மா பெரியம்மாவுக்கும் தெரியும். ஆனால் அவர் அதை வேறு விதமாக எடுத்துக்கொண்டிருந்தார். தோட்டத்தில் பாதிப் பேருக்குப் பதிவுப் பேர் ஒன்று, கூப்பிடுகிற பேர் ஒன்று. மகளுக்குப் பத்திரிகையில் கூப்பிடுகிற பேர் நிலக்ஷி. அவ்வளவுதானே! வாரா வாரம் பத்திரிகை வந்ததும் எழுத்துக் கூட்டிப் படிக்கக்கூடத் தெரியாத அந்த மனுஷி, "பேரு போட்டுட்டாங்களா?" என்று மட்டும் கேட்பார்.

இந்த இடத்தில் வெளியூர்க்காரர்களுக்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் தோட்டங்களில் பேர் என்றால் ஆளின் பேர் மட்டும் இல்லை. ஒரு நாள் வேலைக்கும் பேர் என்றுதான் பெயர். சொன்ன அளவுக்குக் கொழுந்து பறித்தால் கணக்கப்பிள்ளை அன்றைக்கு முழுப்பேர் போடுவார். குறைந்தால் அரைப்பேர். நாள் முழுக்க மழையில் நின்றாலும் பேர் விழவில்லை என்றால் அன்றைக்கு நீ வேலைக்கே வரவில்லை என்று அர்த்தம். இதிலே மகா பாவம் ஒன்று உண்டு. ஒருத்தி பறித்த கொழுந்தை இன்னொருத்தி பேரில் போடுவது. அதற்காக லயங்களில் நடந்த சண்டைகளை எழுதினால் மகாபாரதம் சின்னதாகிவிடும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த கதையில் வந்தது படம். பத்திரிகை இணையத்திலும் வரப்போகிறது, பத்தி எழுதுகிறவர்களின் படத்தையும் போடப்போகிறோம் என்று சூசைரட்ணம் பேச்சியைக் கூப்பிட்டுச் சொன்னார். அவள் அந்தச் செய்தியோடு என் கடைக்கு வந்தபோது முகத்தில் ஈயாடவில்லை.

"என் படம் இல்லையாம்டி. விளம்பரப் பகுதியில அனுஷ்கான்னு ஒரு புள்ள இருக்காம். பாக்க நல்லா இருக்குமாம். அது படத்தப் போட்டு நிலக்ஷின்னு போடப் போறாங்களாம். எழுதுறது எப்பவும் போல நாந்தானாம்."

"நீ என்ன சொன்ன?"

"சரிங்க சார்னு சொன்னேன்."

தையல் ஊசி படாரென்று உடைந்தது. நான் மிதித்த மிதியில் உடையாமல் என்ன செய்யும்? "உனக்குச் சூடு சொரணை இருக்கா? நாளைக்கு எவனாவது அந்தப் புள்ளைகிட்ட வந்து, ஒங்க எழுத்து நல்லாருக்குன்னு சொன்னா அது நன்றின்னு சொல்லும். நீ பக்கத்துல நின்னு குடை புடிப்பியா?"

"வேணாம்னு சொன்னா பத்தியே இல்லாமப் போயிரும் ஜெயந்தி. எனக்குன்னு இருக்குறது அது ஒண்ணுதான்." பிறகு, "பேச்சியம்மா மூஞ்சிய யாரு பாக்கப் போறா?" என்றாள். அவள் அப்படிச் சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவளுக்கு முன்னால் அழக்கூடாது என்று உள்ளே போய், இல்லாத நூல்கண்டைத் தேடினேன்.

அடுத்த அடி அழைப்பிதழில் வந்தது. ஹட்டனில் மணப்பெண் அலங்காரக் கடை வைத்திருக்கும் பெற்றீசியா, தன் கடையின் ஆண்டு விழாவைப் பெரிய மண்டபத்தில் வைத்திருந்தாள். மலையகப் பெண்கள் மணப்பெண் கோலத்தில் மேடையில் நடப்பார்கள், நடனம் உண்டு, சாப்பாடு உண்டு. அழைப்பிதழில் கொட்டை எழுத்தில் 'பத்தி எழுத்தாளர் நிலக்ஷிக்குக் கௌரவிப்பு' என்று போட்டிருந்தது. பொன்னாடை வாங்கப் போவது அனுஷ்கா. மண்டபத்தில் உட்கார்ந்து அந்த விழாவைப் பற்றி எழுத வேண்டியது பேச்சி.

லயத்தில் யாரோ அந்த அழைப்பிதழை மீனம்மா பெரியம்மாவுக்கு வாசித்துக் காட்டிவிட்டார்கள். மகளுக்குப் பொன்னாடை போடுகிறார்கள் என்று அவர் ஊரெல்லாம் சொல்லிவிட்டார். பேச்சி, "நீங்க வரவேணாம்மா, குளிரு" என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தாள். பெரியம்மா என்னிடம் வந்து, "புள்ள, நீ என்னக் கூட்டிட்டுப் போறியா?" என்று கேட்டார்.

எனக்கு உள்விஷயம் தெரியும். சொல்லியிருந்தால் அவர் வந்திருக்க மாட்டார். அவர் வரவேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது. "வாங்க பெரியம்மா, உங்களுக்கு ஒரு நல்ல சட்டை தச்சுத் தாறேன்" என்றேன். ஞாயிறு காலையில் கஜேந்திரனின் ரதியில் ஏறி நாங்கள் இருவரும் ஹட்டனுக்குப் போனோம். பெரியம்மா கத்தரிப்பூ நிறச் சீலை கட்டி, சுவெட்டரை உள்ளே போட்டிருந்தார். முந்தானை தெரிய வேண்டுமாம்.

மண்டபம் நிறைந்துவிட்டது. முன்வரிசையில் கொழும்பு விருந்தினர்கள். பின்னால் முழுக்க எங்கள் சனம்தான், மேடையில் நடக்கப்போகிற பெண்களின் அம்மாமார், அத்தைமார், சித்திமார். பேச்சி கடைசித் தூணோரம் சாம்பல் சுவெட்டரோடு உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள். அம்மாவைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்தது. என்னைப் பார்த்த பார்வையை நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

"ஏன் இவ பின்னால குந்திருக்கா?" என்று பெரியம்மா கேட்டார்.

"கூப்பிட்டா போவா" என்றேன்.

விழா அழகாகத்தான் இருந்தது. எங்கள் தோட்டத்துப் பிள்ளைகள் மணப்பெண் கோலத்தில் தலைநிமிர்ந்து நடந்தார்கள். அதில் ஒரு பிள்ளை பட்டுச் சீலைக்கு மேலே அதே நிறத்தில் பின்னிய சுவெட்டர் போட்டுக்கொண்டு வந்ததும் மண்டபமே கைதட்டியது. அது யார் எழுத்தைப் படித்து வந்த யோசனை என்று எனக்குத் தெரியும். திரும்பிப் பார்த்தேன். பேச்சி குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள்.

பிறகு பெற்றீசியா ஒலிவாங்கியைப் பிடித்தாள். "நாம எல்லாரும் எதிர்பார்த்த நேரம். சீலையும் சேதியும் புகழ் நிலக்ஷி அவர்களை மேடைக்கு அழைக்கிறேன்!"

பெரியம்மா மகளைப் பார்க்கத் திரும்பினார். முன்வரிசையிலிருந்து அனுஷ்கா எழுந்து மேடைக்குப் போனாள். சூசைரட்ணம் பொன்னாடையை விரித்தார்.

பெரியம்மாவுக்கு முதலில் விளங்கவில்லை. "யாரு அந்தப் புள்ள?" என்றார். "அதுதான் நிலக்ஷியாம் பெரியம்மா" என்றேன். "அப்ப எம் மக?" என்றார். அவர் மேடையைப் பார்த்தார், தூணைப் பார்த்தார், மறுபடி மேடையைப் பார்த்தார். பிறகு குடையை ஊன்றி எழுந்தார். எதிர்மலையில் நிற்பவளைக் கூப்பிட்டுப் பழகிய குரல் அது. அதற்கு ஒலிவாங்கி தேவையில்லை.

"நிறுத்துங்க! யாரு கொழுந்த யாரு பேருல போடுறீங்க?"

முன்வரிசைக் கொழும்பு விருந்தினர்கள் கொழுந்து எங்கே கிடக்கிறது என்று தரையைப் பார்த்தார்கள். பின்வரிசைகளுக்கு அந்தக் குழப்பம் இல்லை. என்ன விஷயம், யார் மேல் குற்றம் என்பது ஒருத்திக்கும் தெரியாது. ஆனால் அந்த வார்த்தை தெரியும். "அதான! யாரு பேருல போடுறாங்க?" என்று ஒருத்தி எழுந்தாள். "கேக்க ஆளில்லன்னு நெனச்சிட்டாங்களா?" என்று இன்னொருத்தி எழுந்தாள். நாற்காலிகள் கிறீச்சிட, வரிசை வரிசையாக எழுந்து நின்றார்கள். வாசலிலிருந்து கஜேந்திரன் கத்தினான், "எழுதுறது பேச்சி அக்கா! என்னப் பத்தி எழுதுனதும் அவங்கதான்! நான் சாட்சி!"

பேச்சி ஓடிவந்து அம்மாவின் கையைப் பிடித்தாள். "உக்காருங்கம்மா, மானம் போகுது. எனக்கு இருக்குற ஒரு வேலையும் போயிரும்."

"பேரில்லாத வேல போனாப் போவுது. நீ சும்மா இரு."

நான் சூசைரட்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பொன்னாடை அவர் கையில் பாதி விரிந்தபடி நின்றது. கொழும்புக்காரர்களைப் போல அவர் தரையைப் பார்க்கவில்லை. அவருக்குப் புரிந்துவிட்டது. மேடையிலிருந்து இறங்கி, நேராக எங்கள் வரிசைக்கு வந்தார்.

"மன்னிச்சிருங்க ஆத்தா. எங்கம்மாவும் மலையில நின்னவங்கதான்" என்றார்.

"அப்ப உனக்குத் தெரியாதா தம்பி?" என்று கேட்டார் பெரியம்மா. சத்தம் போடாமல்தான் கேட்டார். அந்த மனிதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்கு அவர் மேல் இருந்த கோபம் பாதி அங்கேயே போய்விட்டது. மீதியை வைத்துக்கொண்டேன்.

அதற்குள் அனுஷ்காவும் இறங்கி வந்திருந்தாள். நான் மனதுக்குள் எத்தனையோ திட்டு வைத்திருந்தேன். அந்தப் பிள்ளை ஒன்றையும் பயன்படுத்த விடவில்லை. "எனக்குக் காலையில இருந்தே மனசு சரியில்ல அக்கா. உங்க பத்திய நான் ஸ்கூல் படிக்கிறப்பவே வெட்டி வைப்பேன். நீங்க வாங்க" என்று பேச்சியின் கையைப் பிடித்து மேடைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். பேச்சியின் ரப்பர் செருப்பு மேடைப் படியில் சப்புச் சப்பென்று சத்தம் போட்டது.

ஒன்றும் விளங்காமல் நின்ற பெற்றீசியா, ஒலிவாங்கியை அவள் முன்னால் நீட்டினாள். "அப்ப... உங்க பேர் என்னங்க?"

பேச்சி வாயைத் திறந்தாள். எத்தனை வருட இடாப்பும் சிரிப்பும் அவளைத் தடுத்தன என்று எனக்குத் தெரியும். என் கை தானாகப் பென்சிலைத் தேடியது. கடைசியில், "பேச்சியம்மா" என்றாள். ஒலிவாங்கிக்கே கேட்டிருக்காது.

"சத்தமாச் சொல்லு! கணக்கப்பிள்ளைக்குக் கேக்கணும்!" என்றார் பெரியம்மா, கீழேயிருந்து.

மண்டபம் கொல்லென்று சிரித்தது. ஆனால் அது பள்ளிக்கூடத்துச் சிரிப்பு இல்லை. தராசுக்கு முன்னால் வரிசையில் நின்று, மழைச் சத்தத்துக்கு மேலே தங்கள் பேரைக் கத்திச் சொன்ன பெண்களின் சிரிப்பு. பேச்சிக்கும் அந்த வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும். அவளும் சிரித்துவிட்டாள். பிறகு அம்மாவின் அதே குரலில், "பேச்சியம்மா!" என்று கத்தினாள். கூரைத் தகரத்தில் உட்கார்ந்திருந்த புறாக்கள் பறந்தன. நான் கைதட்டிய தட்டில் ஒரு வளையல் உடைந்தது.

அன்றைக்கு அவ்வளவுதான் நடந்தது. திரும்பி வரும்போது ஆட்டோவில் பேச்சி தன் அம்மாவோடும் பேசவில்லை, என்னோடும் பேசவில்லை. டிக்கோயா தாண்டியபிறகு, "அந்தப் புள்ள போட்டிருந்த சுவெட்டர் நல்லா இருந்துச்சுல்ல?" என்றாள். நாங்கள் சமாதானமாகிவிட்டோம்.

பத்தி போகவில்லை. அடுத்த வாரப் பத்திரிகையில் வந்தது. படம் இல்லை. 'நிலக்ஷி' என்று பெரிய எழுத்தில் போட்டு, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் சின்னதாகப் 'பேச்சியம்மா' என்று போட்டிருந்தார்கள். நான் அதைக் கொண்டுபோய் பெரியம்மாவிடம் காட்டினேன். பெரிய எழுத்து எது, சின்ன எழுத்து எது என்று கேட்டுத் தெரிந்துகொண்டார்.

"அரைப்பேரு" என்றார்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். பேச்சி சிரிக்கவில்லை. தொலைபேசியை எடுத்துக்கொண்டு லயத்து வாசலுக்குப் போனாள். அவள் ஆசிரியரிடம் இத்தனை வருடத்தில் "சரிங்க சார்" தவிர வேறெதுவும் சொல்லி நான் கேட்டதில்லை.

"சார், பேச்சியம்மா பேசுறேன். எங்கம்மா அரைப்பேருன்னு சொல்றாங்க." அந்தப் பக்கம் அவர் ஏதோ சொன்னார். "இல்லைங்க சார். சிரிக்கிறவங்க சிரிக்கட்டும். இடாப்புல இருக்குற மாதிரியே போடுங்க. இல்லாட்டி அடுத்த வாரத்துக்கு நான் அனுப்பல." பிறகு அவர் சிரிக்கிற சத்தம் எனக்கும் கேட்டது.

மறுவாரப் பத்திரிகை வந்த அன்று நான் கடையைப் பூட்டிவிட்டு லயத்துக்கு ஓடினேன். பெரியம்மா மலையிலிருந்து வந்து கூடையை இறக்கிவைத்துவிட்டு, தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தை விரித்து அவர் மடியில் வைத்தேன். மேலே பேச்சியின் படம் இருந்தது. சீலை, அதற்கு மேலே அதே சாம்பல் சுவெட்டர். (அவள் எந்தக் கட்சி என்று மலையகத்துக்கே தெரிந்துபோனது.) இன்னொரு பக்கத்தில், ஆசிரியரின் பேர் இருக்கும் இடத்தில் 'எஸ். ரட்ணா'வைக் காணோம். 'சூசைரட்ணம்' என்று இருந்தது. அதை நான் அப்புறம்தான் கவனித்தேன்.

பெரியம்மா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, கொழுந்துச் சாயம் ஏறிய விரலைப் படத்துக்குக் கீழே இருந்த எழுத்தில் வைத்தார். விரல் மெதுவாக நகர்ந்து நகர்ந்து போனது.

"இம்புட்டு நீளமா எம் புள்ள பேரு?"

"முழுப்பேரும் போட்டுருக்காங்க பெரியம்மா. மூக்கன் பேச்சியம்மா."

அவர் விரலைப் பின்னால் இழுத்து, முதல் எழுத்தில் வைத்தார். கட்டிய நாளிலிருந்து இன்றுவரை அந்தப் பேரை அவர் வாயால் சொன்னதில்லை. இப்போதும் சொல்லவில்லை.

"அவுக பேருமா போட்டுருக்காங்க?" என்று மட்டும் கேட்டார்.